எழுத்தை மாற்றிய பின் இயந்திரத்தை மாற்றுவோம்

கணினி என்பது நமது ஊராட்சி அலுவலகங்களுக்குப் புதிய பொருள் அன்று. வரி ரசீது, வேலைத் திட்டக் கணக்கு, மாதாந்திர அறிக்கை ஆகிய பலவும் அதன் வழியாகவே நடைபெற்று வருகின்றன. ஆயினும் வண்டி மாட்டுக்கு வயதாவது போலக் கணினிக்கும் வயதாகும் என்பதையும், அதை மாற்ற நேரும்பொழுது முன்கூட்டிச் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் உண்டு என்பதையும் நம்மில் பலர் சிந்திப்பதில்லை. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, சற்றுப் பழைய கணினிகளில் ஏறுவதில்லை. ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதா, அல்லது லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்துக்கு மாறுவதா என்ற கேள்வி பல ஊராட்சிகளிலும், பல வீடுகளிலும் எழுந்துள்ளது.

நமது ஒன்றியத்தில், சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ள ஒரு கரிசற்காட்டுக் கிராமத்தில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். தை பிறந்த சமயம். அவ்வூர் விவசாயி ஒருவர், தமது மக்காச்சோளக் காட்டுக்குச் செல்லும் வண்டிப் பாதையைப் பற்றி 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதிக் கிராம சபையில் நிறைவேறிய தீர்மானத்தின் நகல் வேண்டும் என்று விண்ணப்பித்தார். பாதையின் குறுக்கே அண்டை நிலத்தார் முள்வேலி அடைத்திருந்தனர். கதிர் முற்றி அறுவடைக்கு நின்றது. தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அவ்வாண்டுக்குரிய ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது. கணினியில் ஒரு நகல் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலாளர் ஆறுதல் கூறினார். இருக்கத்தான் செய்தது. ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அக்கணினியிலிருந்து பழைய விண்டோசை அகற்றிவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தார்கள். கோப்பைத் திறந்தபொழுது ஆங்கில எழுத்துகளும், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், காசுக் குறிகளும் கலந்து கிடந்தனவேயன்றித் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

“ஐயா, புது மெஷின் பழைய கணக்கை எல்லாம் தின்றுவிட்டது” என்று செயலாளர் நமக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். நேரில் சென்று பார்த்தோம். எதையும் எதுவும் தின்றிருக்கவில்லை. எழுத்து இருந்தது, அதைப் படிப்பதற்குரிய வழி மட்டுமே போய்விட்டது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு விஷயங்களைத் தெளிவாக அறிய வேண்டும்.

முதலாவது, இயங்குதளம் என்பது யாது? நம் கண்மாய்களில் நீர்ப்பாய்ச்சி செய்யும் வேலையை நினைத்துக்கொண்டால் போதும். கண்மாயில் நீர் உண்டு, மடை உண்டு, கீழே வயல்கள் உண்டு. எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு நீர் விடுவது, யாருடைய முறை முன், யாருடையது பின் என்பதைப் பார்த்துத் திறந்து அடைப்பவர் நீர்ப்பாய்ச்சி. கணினிக்குள் இருக்கும் நினைவகத்தையும், கணக்கிடும் பகுதியின் நேரத்தையும், பிரிண்டரையும், ஹார்டு டிஸ்க்கையும் பல்வேறு செயலிகளுக்கு இவ்வாறு பங்கிட்டுக் கொடுப்பதே இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் ஒரு நீர்ப்பாய்ச்சி, லினக்ஸ் மற்றொரு நீர்ப்பாய்ச்சி. ஆள் மாறுவதால் கண்மாயும் வயலும் மாறிவிடுவதில்லை. ஆனால் பழைய ஆளுக்கு மட்டுமே தெரிந்திருந்த சில வாய்க்கால்கள் புதியவருக்குத் தெரியாமல் போகலாம். ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த லினக்சை, எவரும் விலையின்றிப் பெற்று, திருத்தி, பிறருக்கும் கொடுக்கலாம். ஊராட்சியின் சொற்ப நிதிக்கு இது பெரிய அனுகூலம் என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, தமிழ் எழுத்தைக் கணினி எவ்வாறு வைத்துக்கொள்கிறது? கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து அதையே சேமித்துக்கொள்கிறது. முற்காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த எண்களின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துருக்கள் செய்தனர். சிவகாசிக்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பெட்டிக்குள் இருப்பது ஆங்கிலக் குறி. மேலே ஒட்டிய லேபிள் தமிழ். லேபிள் இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். அது கிழிந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். லேபிளாகிய எழுத்துரு பழைய விண்டோசுக்குள் இருந்தது. விண்டோசை அகற்றியபொழுது அதுவும் சேர்ந்து போயிற்று. மேலும், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி லேபிள் ஒட்டியமையால், ஒருவருடைய கோப்பை மற்றவருடைய எழுத்துருவில் படிக்கவும் இயலாதிருந்தது.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் அரசு ஏற்றது. பின்னர் 2010 ஜூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்ற சமயத்தில், ஒருங்குறி என்று நாம் வழங்கும் யூனிகோட் முறையை அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. ஒருங்குறியில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் சொந்த எண் உண்டு. ‘அ’ என்பதற்கு 2949. அது விருதுநகரிலும் அதுவே, யாழ்ப்பாணத்திலும் அதுவே. விண்டோசிலும் லினக்சிலும் கைப்பேசியிலும் அதுவே. இங்கே லேபிள் ஒட்டும் வேலை இல்லை. ஆதலின், ஒருங்குறியில் அடித்த கோப்புக்கு இயங்குதள மாற்றத்தால் இத்தகைய அபாயம் இல்லை. 2010-க்கு முன் அடித்தவையும், அதற்குப் பின்னரும் பழக்கத்தால் பழைய எழுத்துருவில் அடித்தவையுமே அபாயத்தில் உள்ளன. நமது அலுவலகங்களில் இவை எவ்வளவு என்பதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலன்றி யாருக்கும் தெரியாது.

மேற்கூறிய கிராமத்தில் பழைய எழுத்துருவைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாட்கள் ஆயின. கடைசியில், செயலாளருக்கு முன் அப்பணியில் இருந்தவர் வீட்டில் ஒரு பென் டிரைவில் அது கிடைத்தது. அதை லினக்சில் சேர்த்தவுடன் தமிழ் தெரிந்தது. பிறகு மாற்றி நிரல் ஒன்றைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றியதை அப்படியே நம்பவில்லை. ஒருவர் பழைய வடிவத்தை உரக்கப் படிக்க, மற்றவர் புதியதைச் சரிபார்த்தார். சர்வே எண்ணில் உட்பிரிவைக் காட்டும் சாய்கோடு ஓரிடத்தில் வேறு குறியாக மாறியிருந்தது. அதைக் காணாமல் நகல் கொடுத்திருந்தால் பாதை வேறொருவர் காட்டுக்குப் போயிருக்கும்! விண்ணப்பித்த பத்தொன்பதாம் நாள் நகல் கொடுக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியதில் வேலியும் பின்னே நகர்ந்தது. ஆனால் அதற்குள் அவ்விவசாயி கூலி ஆள் வைத்து மக்காச்சோளத்தைத் தலைச்சுமையாகவே களத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அந்தக் கூலி அவருக்குத் திரும்பி வரப்போவதில்லை.

இதில் நிறுவித் தந்தவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் இயங்குதளத்தை மாற்றச் சொன்னோம், மாற்றினார். எழுத்துருக்கள் என்ன ஆகும் என்று ஒன்றிய அலுவலகத்தில் நாமும் கேட்கவில்லை. அன்று முதல் நாம் வைத்துள்ள முறை இது: முதலில் எழுத்தை மாற்றுக, அடுத்துக் கையைப் பழக்குக, இயந்திரத்தைக் கடைசியில் மாற்றுக.

தமிழ்நாட்டில் இம்முயற்சி புதிதன்று. 2006-க்கும் 2008-க்கும் இடையில், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபொழுது, எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. இந்திய மொழிகளில் பணியாற்றுவதற்கென்றே அமைந்தது அது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர் கையில் கிடைத்த கணினியில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபொழுது, துறைகள் பாஸ் லினக்சை உபயோகிக்க வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியது. எனினும் எல்லா அலுவலகங்களிலும் அது வேரூன்றவில்லை. நாம் கண்ட வரையில் காரணம் ஒன்றே: இயந்திரம் முதலில் வந்தது, பயிற்சி பின்னால் வருவதாக இருந்தது.

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுவதும் லினக்சிலேயே நிலைபெற்றது. ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள். இதற்கு மாறான அனுபவமும் உண்டு. அதையும் மறைக்காமல் கூறவேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. ஆனால் 2017-இல் விண்டோசுக்கே திரும்புவதென நகர மன்றம் தீர்மானித்தது. பிற அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறக்காமையும், சில சிறப்புச் செயலிகள் ஓடாமையும் அங்கு எழுந்த குறைகளுட் சில. பத்தாண்டு உழைத்தவர்களுக்கே இந்நிலை என்றால், ஒரே நாளில் மாற்றிவிட்டுப் போகும் நமக்கு எச்சரிக்கை எவ்வளவு தேவை!

நமது பகுதியில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1922-இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலை மாதக்கணக்கில் தங்கிக் கற்று, 1923-இல் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினர். கற்ற பின்னரே முதலைப் போட்டார்கள்.

இனிக் கையைப் பழக்குவது பற்றி. நமது அலுவலகங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிற் பலர் தமிழ்த் தட்டெழுத்தில் லோயர், ஹையர் தேறியவர்கள். அவர்களுடைய விரல்கள் தட்டச்சு இயந்திரத்தின் வரிசையையே அறியும். அம்முறையில் ‘கொ’ என்று அடிக்க, ஒற்றைக் கொம்பை முதலில் அடித்து, பின் ‘க’, பின் கால். தமிழ்99 முறையிலோ ‘க’ அடித்து அடுத்து ‘ஒ’ அடித்தால் முடிந்தது. உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று அடித்தால் புள்ளி தானே விழும். கற்றுக்கொண்டால் இதுவே வேகமானது. ஆனால் இருபது ஆண்டுப் பழக்கத்தை ஒரு வாரத்தில் விடு என்பது நியாயமன்று. லினக்சிலும் தட்டச்சு வரிசை கிடைக்கிறது. அதைத் தெரிவு செய்துகொண்டால் பழைய விரல்களே ஒருங்குறியில் அடிக்கும். இச்செய்தியை அறியாமல், “புதிய கணினியில் என்னால் அடிக்க முடியாது” என்று விருப்ப மாறுதலுக்கு மனு எழுதிய ஓர் எழுத்தரை நாம் அறிவோம். மனுவையும் அவர் பழைய கணினியிலேயே அடித்திருந்தார்.

ஆகவே, இயங்குதளம் மாறுவதற்கு ஒரு மாதம் முன்பாகவே, விண்டோசில் இருந்தபடியே, ஒருங்குறியில் அடிக்கவும், லிப்ரே ஆபீஸ் என்னும் விலையில்லாத அலுவலகச் செயலியில் வேலை செய்யவும் தொடங்கிவிடுக. அது இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி இயங்குவது. இவ்விரண்டும் பழகிய ஒருவருக்கு, லினக்ஸ் வந்த அன்று திரையின் வண்ணம் மாறியதைத் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியாது. நகலெடுக்கவும் ஒட்டவும் அதே விசைகள்தாம்.

சில சிறு வேறுபாடுகளைச் சொல்லிவைப்பது நல்லது. லினக்சில் சி, டி என்று பிரிவுகள் தென்படா. உங்கள் கோப்புகள் யாவும் ‘இல்லம்’ என்னும் கோப்புறைக்குள் இருக்கும். ஆங்கிலத்தில் கோப்புக்குப் பெயரிட்டால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும். ஒரே பெயரில் இரண்டு வரிப் பட்டியல்கள் உருவாகி, எது சரியானது என்று திண்டாடியவர்கள் உண்டு. புதிய செயலி வேண்டுமெனில் எங்கேயோ தேடி இறக்கி நிறுவுவதில்லை. இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்தே பெறலாம். அப்பொழுது கடவுச்சொல் கேட்கும். அதைக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்க வேண்டாம்.

தேதி விஷயத்தில் தனிக் கவனம் தேவை. நிறுவும்பொழுது மொழியும் நாடும் கேட்கப்படும். அமெரிக்க முறையை விட்டுவைத்தால், 5-8 என்று அடித்தது ஆகஸ்டு 5 ஆகாமல் மே 8 ஆகிவிடும். வரி நிலுவைக் கணக்கில் இது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தியா என்று தெரிவு செய்க. விண்டோசும் லினக்சும் ஒரே கணினியில் இருக்குமானால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரும்பொழுது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னோ பின்னோ காட்டுவதும் உண்டு. ஒன்று உலகப் பொது நேரத்தையும், மற்றது நம் நாட்டு நேரத்தையும் உள்ளே வைத்துக்கொள்வதே காரணம். இயந்திரக் கோளாறு அன்று. ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகும்.

இவற்றினும் முக்கியமானது பணம் வழங்கும் வேலை. இணையவழியில் பணம் வழங்க எண்ணிமக் கையொப்பச் சாவி தேவைப்படும் இடங்களில், அச்சாவி புதிய இயங்குதளத்தில் வேலை செய்கிறதா என்பதை முதலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குரிய இயக்கி மென்பொருள் இல்லையேல், கணினி எவ்வளவு புதிதாயினும் ஒரு ரூபாயும் நகராது. தூய்மைக் காவலரின் ஊதியமும், குழாய் பழுது பார்த்தவரின் பட்டியலும் காத்துக் கிடக்கும். பிரிண்டரும், ஆவணங்களைப் படமெடுக்கும் ஸ்கேனரும் அவ்வாறே. எக்செல் தாள்களில் யாரேனும் எழுதிவைத்த மேக்ரோக்கள் லிப்ரே ஆபீசில் முழுமையாக ஓடுவதில்லை. இவற்றுள் ஒன்றாவது ஓடவில்லை என்றால், அந்த ஒரு வேலைக்காக விண்டோஸ் உள்ள கணினி ஒன்றை வைத்துக்கொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. லினக்ஸ் விலையில்லாதது என்பதற்காக மாதச் சம்பளத்தைத் தாமதப்படுத்துவது சிக்கனம் ஆகாது.

சோதிப்பது எளிது. லினக்சை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ளது எதுவும் தொடப்படாது. விதையை முளைப்புத் திறன் பார்த்து விதைப்பவர்கள் நம் விவசாயிகள். அவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். அவ்வாறு தொடங்கிப் பிரிண்டர் அடிக்கிறதா, இணையம் வருகிறதா, பழைய கோப்புகள் தமிழில் தெரிகின்றனவா என்று ஒரு பகல் பொழுது பார்த்தாலே பெரும்பாலான தொல்லைகள் வெளிப்பட்டுவிடும்.

விவசாயிகளின் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகனோ மகளோ பள்ளியில் படித்தபொழுது பெற்ற விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் பரண் மேல் கிடக்கிறது. ‘மெதுவாக ஓடுகிறது’ என்று ஒதுக்கப்பட்டது அது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால், பட்டா, சிட்டா பார்க்கவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும், மில் கணக்கு, கூலிக் கணக்கு எழுதவும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மின்கலம் செத்திருந்தால் மின்சாரத்தில் நேரடியாக இணைத்தே ஓட்டலாம். பட்டாசுத் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மார் சிலர் மகளிர் குழுக் கணக்கை இவ்வாறு எழுதி வருவதை நாம் கண்டிருக்கிறோம். சிவகாசியில் சிறு அச்சகம் நடத்துவோருக்கு மட்டும் அவசரம் வேண்டாம் என்போம். பழைய பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருவிலும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பஞ்சாங்கக் குறிப்புகளையும் நாட்காட்டித் தாள்களையும் வைத்திருப்பவர்கள், ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளியிடும் பரபரப்பில் இயங்குதளத்தை மாற்றப் புகுவது அறிவீனம். தை, மாசியில் வேலை தணிந்த பிறகு, பழையவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, அதன்பின் யோசிக்கலாம்.

ஊராட்சிகளுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோளின் கடைசிப் பகுதி இது. மாற்றுவதற்கு முன் கணினியில் உள்ள எல்லாக் கோப்புகளையும், எழுத்துருக்களை மறவாமல் சேர்த்து, இரண்டு தனித்தனிக் கருவிகளில் நகல் எடுக்கவும். ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொன்று ஒன்றிய அலுவலகத்திலும் இருக்கட்டும். கிராம சபைத் தீர்மானங்களையும் சொத்துப் பதிவேட்டையும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, காகிதத்தில் அச்சிட்டு, செயலாளரும் மற்றொருவரும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிடவும். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். மாற்றம் நிகழ்ந்த நிதியாண்டின் தணிக்கை முடியும்வரை அதை உறையிலிட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்திருக்கவும். கரையான் ஏறாத பீரோவாகப் பார்த்து.